கணக்கில் இருந்த ராட்செட்

2025 செப்டம்பர் 29, திங்கட்கிழமை காலை, சாணார்பட்டிக்குக் கிழக்கே காத்தமுத்துவின் தோட்டத்து வீட்டில், துவைப்பதற்காக ஊற வைத்திருந்த நீலநிற ஓவரால் ஒன்றின் தொடைப்பையில் உள்ளங்கை நீளமுள்ள, நட்டு முடுக்குகிற ராட்செட் ஒன்று இருந்தது. அதன் கைப்பிடியில் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன.

எடுத்தவள் காத்தமுத்துவின் மனைவி மாயம்மாள். துணியை முறுக்கிக் கல்லில் ஓங்கி அடித்தபோது டங்கென்று சத்தம் கேட்டது. பைக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் திருகினால் கிர்ர் என்று ஓடியது, மறுபக்கம் பிடித்து நின்றது. மகன் முத்துக்கிருஷ்ணன் சென்னையில் விமானம் பழுது பார்க்கிற சாமான் இது என்று அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சோப்பு நுரையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். மகனை எழுப்பிக் கேட்கவில்லை. அவன் அன்று விடியற்காலை வந்த பேருந்தில் இறங்கி, காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் பாயில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் கேட்காததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்த வீட்டில் ஆயுத பூஜையன்று முன்னறையில் பலகை போட்டு, அவரவர் தொழில் சாமானைக் கழுவி வைத்துக் கும்பிடுவார்கள். காத்தமுத்துவின் மண்வெட்டியும் மருந்தடிக்கிற டேங்கும் இருக்கும். மருமகள் தீபாவின் தையல் மிஷினுக்கு மாலை விழும். மகள் ஜீவிதாவைக் கட்டிய மணிமாறன் திண்டுக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவன். கடையில் காலையிலேயே பூஜையை முடித்துவிட்டு, மாமனார் வீட்டுக்கு வரும்போது பேருக்கு ஒரு டெஸ்டரைக் கொண்டுவந்து வைப்பான். முத்துக்கிருஷ்ணனுக்கு மட்டும் வைப்பதற்கு ஒன்றும் இருக்காது. விமானத்தைக் கொண்டுவந்து களத்தில் நிறுத்த வேண்டியதுதானே என்று மணிமாறன் வருசா வருசம் கேட்பான். பக்கத்துத் தோட்டத்து முத்துப்பேச்சி ஒருபடி மேலே போய், ஏர்போர்ட்டில் இவன் பெட்டி தூக்குகிறானோ என்னவோ, யார் கண்டது என்று பூவெடுக்கிற இடத்தில் சொல்லியிருந்தாள். அது மாயம்மாளின் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு ஸ்பேனரைக் கொண்டு வாய்யா என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். கம்பெனிச் சாமான் ஒரு திருகாணிகூட வெளியே வரக்கூடாது என்று அவன் சொன்னதை, சலித்துக்கொண்டு சொல்கிற சாக்கு என்றே எடுத்துக்கொண்டாள். இந்த வருசம் கேட்காமலே கொண்டுவந்துவிட்டான், அசதியில் சொல்ல மறந்துவிட்டான் என்று நினைத்தாள்.

முத்துக்கிருஷ்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. விமானப் பராமரிப்புப் படித்து, பரீட்சைகளில் விழுந்து எழுந்து, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் லைசென்ஸ் வாங்கியவன். சிறிய ரகப் பயணிகள் விமானங்களைப் பராமரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. அவனோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். போனவர்களின் இடத்தில் ஆள் வரவில்லை, போனவர்களின் வேலை மட்டும் அப்படியே இருந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் பயிற்சிப் பையன்களுக்குப் புது ஓவரால் மாட்டி விமானக் கொட்டகையான ஹேங்கரில் வரிசையாக நிறுத்துவார்கள். படித்த கல்லூரியில் இரண்டாக அறுத்து வர்ணம் பூசிய பழைய இஞ்சின் ஒன்றைத் தவிர வேறெதையும் தொட்டுப் பார்க்காதவர்கள் அவர்கள். தலையை எண்ணிக்கொண்டு ஆய்வுக்காரர்கள் போவார்கள். புது ஓவரால்கள் மறுபடி அலமாரிக்குப் போகும்.

விமானத் துறைக்கு மெக்கானிக்குகள் ஆயிரக்கணக்கில் தேவை, ஆளே கிடைக்கவில்லை என்று பேப்பரில் வரும் செய்தியைக் காத்தமுத்து சாணார்பட்டி டீக்கடையில் சத்தமாக வாசிப்பார். தன் மகனுக்கு என்ன கிராக்கி பாருங்கள் என்பது அதன் பொருள். அந்தக் கிராக்கி எப்படியிருக்கும் என்பது மகனுக்குத்தான் தெரியும். ஊருக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை அவன் கையில் இரண்டு விமானங்கள். உடன் டார்ச் பிடிக்க ஒரு பயிற்சிப் பையன். விமானத்தை அவர்கள் வண்டி என்பார்கள், வாலில் உள்ள கடைசி எழுத்தைச் சொல்லி ஜே வண்டி, கே வண்டி என்பார்கள். ஜே வண்டியின் இடது இஞ்சின் மூடியைத் திறந்து, எரிபொருள் குழாயைப் பிடித்திருக்கும் கவ்வியை மாற்றினான். பாதி வேலையில் அதன் கழிவறைத் தொட்டி கசிகிறது என்று கூப்பிட்டார்கள். அதைத் துடைக்கவும் ஆளில்லை. பயணிகளின் மூத்திரம் கலந்த நீலத் தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கையை டீசல் போட்டுக் கழுவிக்கொண்டு மறுபடி இஞ்சினுக்கு வந்தான். முடித்து மூடும்போதே கே வண்டி டயர் பிரச்சனையோடு வந்து நின்றது. ஓடினான். ராட்செட் எப்போது தொடைப்பைக்குள் போனது என்று அவனுக்குத் தெரியாது.

கருவி அறைக்கு ஒரு நடைமுறை உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ட்ராயரில் அதன் உருவத்திலேயே பஞ்சில் குழி வெட்டியிருக்கும். எடுப்பவர் தன் எண் போட்ட பித்தளை வில்லையை அந்தக் குழியில் வைக்க வேண்டும். ஷிப்ட் முடியும்போது அறைக்குப் பொறுப்பானவர் ட்ராயர் ட்ராயராகத் திறந்து எண்ண வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தாலும், அந்தக் கருவி கிடைக்கிற வரை விமானம் நகரக்கூடாது. பொறுப்பில் இருந்தவள் வத்தலக்குண்டு ஜெஸ்ஸி. முத்துக்கிருஷ்ணன் சொல்லித்தான் ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்று வேலை முடிந்து அவன் திரும்பி வந்தபோது கருவி அறை பூட்டிக் கிடந்தது. ஜெஸ்ஸியை ஆவணப் பிரிவில் உட்கார வைத்திருந்தார்கள். கருவிப் பையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, கழற்றிய ஓவராலைச் சுருட்டிக்கொண்டு கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு ஓடினான்.

இந்த விடுமுறையே பெரிய சலுகை. தீபாவுக்கு ஏழு மாதம். மதுரையில் நிறுவனம் புதிதாக ஆரம்பிக்கும் சிறு பிரிவுக்கு அவனை அனுப்புவதாக மேனேஜர் நல்லுசாமி சொல்லியிருந்தார். வீட்டிலிருந்தே போய் வரலாம். குழந்தை பிறக்கும்போது அவன் இங்கே இருப்பான். தீபா இந்தப் பேச்சு வந்ததிலிருந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் இருட்டு விலகுவதற்குள் மல்லிகைக் காட்டில் இருந்தார்கள். சிறுமலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது, ஆனால் பெய்யவில்லை. காற்றில்லாத புழுக்கம். இடுப்பில் துணியைப் பையாகக் கட்டிக்கொண்டு குனிந்து மொட்டெடுக்கையில் முத்துக்கிருஷ்ணனின் முதுகில் வேர்வை ஓடியது. ஹைட்ராலிக் எண்ணெய் பட்டுச் சிவந்திருந்த முன்கையில் அது பட்டு எரிந்தது. புதன்கிழமை காலை, திண்டுக்கல் பூச்சந்தைக்கு மூட்டை கட்டும்போது, காத்தமுத்து முந்தின நாள் ஐஸ் பெட்டியில் நிறுத்திவைத்த பழைய மொட்டை அடியில் கொட்டி, புதுப்பூவை மேலே பரப்பினார். பழைய மொட்டின் ஓரம் பழுப்பேறி, ஈரச் சாக்கின் புளிச்ச வாடை அடித்தது. முத்துக்கிருஷ்ணன் முகத்தைச் சுளித்தான்.

"என்னப்பு பாக்குற? பூசைக்குக் கேட்டு அடிச்சுக்கிறாங்கெ. இன்னைக்கு எவன் மூட்டையக் கவுத்துப் பாக்கப் போறான்?" என்றார் காத்தமுத்து.

மூட்டையை வேனில் ஏற்றிவிட்டான்.

மாலையில் மணிமாறனும் ஜீவிதாவும் வந்தார்கள். பலகையில் கோலம் போட்டு, வாழையிலையில் பொரி, கடலை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் பரப்பியாயிற்று. முத்துக்கிருஷ்ணன் குளித்துவிட்டு வேட்டியோடு வந்து நின்றான். மணிமாறன் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"என்ன மாப்ள, இந்த வருசமும் வெறுங்கைதானா? ஒரு போல்ட்டு நட்டாவது கொண்டாந்துருக்கலாம்ல?"

"செத்த நேரம் வாய மூடிக்கிட்டு அங்குட்டுப் பாருங்க" என்றாள் மாயம்மாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மண்வெட்டிக்கும் டெஸ்டருக்கும் நடுவில், தனியாக ஒரு வெற்றிலையின் மேல் ராட்செட் இருந்தது. சந்தனமும் குங்குமமும் வைத்து, கைப்பிடியில் இரண்டு கண்ணி மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. முத்துக்கிருஷ்ணன் குனிந்து பார்த்தான். பொறித்த எண்ணின் பள்ளத்தில் சந்தனம் இறங்கி, எண் தெளிவாகத் தெரிந்தது. எண்ணைப் படித்துவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

"இது எங்கெருந்து வந்துச்சும்மா?"

ஓவராலில் இருந்ததைச் சொன்னாள். அரிசிப் பானையைச் சொன்னாள். அவன் சந்தோசப்படுவான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் நெற்றியில் வேர்த்திருந்ததைப் பார்த்ததும் குரல் தேய்ந்து நின்றது.

கையை நீட்டப் போனான். காத்தமுத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படையலில் வைத்ததை மறுநாள் மறுபூசை முடிந்துதான் எடுக்க வேண்டும், குருட்டாம்போக்கில் கை வைக்காதே என்றார். அவனுக்கும் எடுத்து ஒன்றும் ஆகப் போவதில்லை என்று உறைத்தது. கையை இழுத்துக்கொண்டு போனை எடுத்தான். பறக்கும் விமானங்களைக் காட்டும் செயலியில் ஜே வண்டியைத் தேடினான். திங்கள் காலையிலிருந்து அது சென்னைக்கும் கொச்சிக்கும் ஹைதராபாத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தது. இப்போதும் வானத்தில்தான் இருந்தது. தவறிய அழைப்பு எதுவும் வரவில்லை. கருவியைக் காணோம் என்று ஒருவரும் அவனைத் தேடவில்லை.

மணிமாறனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. கண்ணாபட்டியில் போர்வெல் மோட்டார் இறக்கும்போது ஒரு கட்டிங் பிளையரைக் குழிக்குள் விட்டுவிட்டதாகவும், அது இன்னும் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டு கிடக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தான். ஜீவிதா அவன் தொடையில் கிள்ளினாள்.

முத்துக்கிருஷ்ணன் நிதானமாகச் சொன்னான். இஞ்சின் மூடிக்குள் இப்படி ஒரு இரும்பு தங்கினால் குழாயை அறுக்கும், கம்பியை அறுக்கும், வேறு இடத்தில் இறக்கையின் மடிப்பை அசைக்கிற கயிற்றில் மாட்டினால் விமானியால் திருப்ப முடியாது. அதற்காகத்தான் எண்ணுவது. இது இங்கே இருக்கிறது, நல்லதாகப் போயிற்று. ஆனால் இது இங்கே இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமலே வண்டியை விட்டிருக்கிறார்கள்.

"நான் வச்சதுதான் குத்தமாயிருச்சாய்யா?" என்று கேட்டாள் மாயம்மாள்.

இல்லையென்று தலையசைத்தான். ஹேங்கரில் இத்தனை பேர் இருந்தும், அந்த ராட்செட் இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

சூடம் காட்டியதும் நல்லுசாமிக்குப் போன் போட்டான். கிணற்றுப் பக்கம் போய் நின்று பேசினான், ஆனாலும் சிக்னலுக்காக ஸ்பீக்கரில் போட வேண்டியிருந்தது. வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. நல்லுசாமிக்கு ஒட்டன்சத்திரம் சொந்த ஊர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். திட்டுவதும் இல்லை.

"ஏனுங்க முத்து, பண்டிகையும் அதுவுமா. ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?"

முத்துக்கிருஷ்ணன் விசயத்தைச் சொன்னான். மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இல்லீங்களே. அது இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம ஷிப்டு முடிஞ்சப்ப எல்லாமே கணக்குல இருக்குதுங்க."

"சார், அது எங்க வீட்டுல இருக்கு. எங்கம்மா பொட்டு வச்சு சாமி கும்பிட்டிருக்காங்க."

நல்லுசாமி சிரித்தார். மனசாரச் சிரித்தார். "நல்லதுதானுங்க. கும்புட்டு முடிச்சுட்டு, வரும்போது கொண்டாந்து அதோட எடத்துல வெச்சுருங்க. முடிஞ்சுதுங்க."

"யாரு சார் எண்ணுனது?"

"ஜெஸ்ஸி பேர்ல டிக் ஆயிருக்குதுங்க."

"அந்தப் புள்ள அன்னைக்கு டூல் ரூம்லயே இல்ல. நீங்கதான ரெக்கார்ட்ஸ்ல ஒக்கார வச்சீங்க?"

மறுபடி கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரலில், "ஆளில்லைங்களே முத்து. நா என்ன பண்ணட்டும்? ஒரு புள்ளய வெச்சுட்டு ரெண்டு எடம் பாக்கறேன்" என்றார்.

"வீட்டுல இருக்கப்போயி சரி சார். இஞ்சினுக்குள்ள இருந்திருந்தா?"

"இல்லைங்கல்ல? அப்பறம் எதுக்குங்க அதப் பேசோணும்?"

ரிப்போர்ட் போட வேண்டும் என்றான் முத்துக்கிருஷ்ணன். தாராளமாகப் போடலாம், யார் வேண்டாம் என்றது என்றார் நல்லுசாமி. போட்டால் அந்த ஷிப்டில் தொட்ட நாலு வண்டியையும் நிறுத்தித் திறந்து பார்க்க வேண்டும், திறப்பதற்கு ஆள் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு, மறந்துபோனதை ஞாபகப்படுத்துகிற மாதிரி, "மதுர போஸ்டிங் ஆர்டர் ரெடியா எம் மேச மேலதான் இருக்குதுங்க. அம்மணிக்கு ஏழு மாசம்னு சொன்னீங்கல்ல? மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. பொரிகடல சாப்புடுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது வீடே லேசாகியிருந்தது. தங்கமான மனுசன், இந்தக் காலத்தில் எந்த மேலதிகாரி இப்படிப் பேசுவான் என்றார் காத்தமுத்து. மணிமாறன் பொரியை உள்ளங்கையில் கொட்டி வாயில் எறிந்துகொண்டான். ஜீவிதா அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவர்களுடைய அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டே முத்துக்கிருஷ்ணன் இலையின் முன்னால் உட்கார்ந்தான். வாயில் போட்ட சர்க்கரைப் பொங்கலில் நெய்யின் மணத்துக்குப் பதிலாக அந்த நீலத் தண்ணீரின் வாடை வந்தது. கொல்லைக்குப் போய்த் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தான்.

காத்தமுத்து பின்னாலேயே வந்தார். ஊர் உலகத்தில் நடக்காததா என்றார். அவன் ஒருத்தன் எழுதி எந்த விமானம் நின்றுவிடப் போகிறது, நிற்கப் போவது அவன் பிழைப்புதான் என்றார். எல்லாரும் செய்கிறதைத்தான் அவர்களும் செய்கிறார்கள் என்றார்.

"பழைய பூவ அடியில போட்டா, வாங்குனவன் மூக்கச் சுளிச்சுட்டுக் குப்பையில கொட்டுவான்ப்பா. இது அப்பிடியில்ல."

"அப்ப நான் திருடன், ஒன் மேனேசர் திருடன். நீ மட்டும் யோக்கியன். அப்பிடித்தான?" காத்தமுத்துவின் குரல் உயர்ந்தது. "அந்தப் பூவ வித்துத்தான்டா ஒன்னயப் படிக்க வச்சேன்."

"தெரியும்ப்பா. அதான் எனக்கும் குமட்டுது."

காத்தமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்துவிட்டார். அன்று அவர் படையல் சாப்பாடு சாப்பிடவில்லை.

மணிமாறனும் ஜீவிதாவும் கிளம்பிய பிறகு தீபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கத்துகிறவள் இல்லை. துணி வெட்டுவதற்கு முன்னால் அளவைத் திரும்பத் திரும்பக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எழுதிப் போட்டா என்னாகும் மாமா?"

"சாமானத் திருப்பிக் குடுக்காதது எந் தப்புதான். லைசென்ச நிறுத்தி வைக்கலாம். மதுர போயிரும்."

"போடாட்டி?"

"ஒண்ணும் ஆகாது."

"நெசமாவா?"

"அம்புட்டுத்தான். கொண்டுபோயி வச்சுட்டா எல்லாம் சரியாயிரும். என்னய மாதிரி இன்னொருத்தன் இன்னொரு நாளு விட்டுட்டு வருவான். அது வீட்டுக்கு வந்துருக்கா, வண்டிக்குள்ள இருக்கான்னு எவனுக்கும் தெரியாது. அப்பவும் கணக்குல இருக்கும்."

தீபா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். பிறகு, "அந்த வண்டில நம்ம பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறுவீகளா?" என்று கேட்டாள்.

அவன் ஏறமாட்டேன் என்றான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்படியில் ஏனங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்க்கிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது.

மறுநாள் காலை மறுபூசை முடிந்தது. மாயம்மாள் ராட்செட்டைக் கழுவித் துடைத்து, மகன் கையில் கொடுத்தாள். அவன் ஜெஸ்ஸிக்குப் போன் செய்தான். அவளும் லீவில் வத்தலக்குண்டுக்கு வந்திருந்தாள். பேருந்து ஹாரன்களுக்கு நடுவில் அவள் குரல் கேட்டது. அவள் பேரையும் பாஸ்வேர்டையும் வைத்து யாரோ டிக் போட்டது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பல மாதமாக அப்படித்தான் நடக்கிறது என்றாள். ஆவணப் பிரிவுக்குப் போகும்போது பாஸ்வேர்டை எழுதிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னது நல்லுசாமிதான்.

"திங்கக்கெழம ட்ராயரத் தொறந்து பாத்தேன்ணே. ஒங்க வில்ல இருந்துச்சு, ராட்செட்டக் காணோம். சார்ட்ட ஓடுனேன். முத்து கையில இருக்கும், வந்துருவாருங்கன்னாரு."

"எனக்குப் போன் போட்டிருக்கலாம்ல?"

"போட வேணாமுங்கன்னாரு. ஊருக்குப் போன மனுசனத் தொந்தரவு பண்ணாதீங்கன்னாரு." அவள் நிறுத்திவிட்டு மறுபடி பேசினாள். "அது மட்டுமில்லண்ணே. இன்னும் ரெண்டு குழி காலியாக் கெடக்கு. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளையரு. வில்லயும் இல்ல. எப்பருந்து இல்லன்னும் தெரியல. அதயும் சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"புதுசு வாங்கி வெச்சுக்கலாமுங்கன்னாரு."

முத்துக்கிருஷ்ணன் களத்தில் நின்றுகொண்டிருந்தான். முந்தின நாள் கழித்துப் போட்ட அழுகல் பூவை எறும்பு மொய்த்துக் கிடந்தது. காலால் அதைத் தள்ளிவிட்டான். எழுதப்போவதாக ஜெஸ்ஸியிடம் சொன்னான். எண்ணியது அவளில்லை, அவள் முன்பே சொல்லிவிட்டாள் என்பதையும் சேர்த்து எழுதுவதாகவும், அவளுக்கு ஒன்றும் வராது என்றும் சொன்னான்.

"வரும்ணே" என்றாள் ஜெஸ்ஸி. "டிக்கு எம் பேருலதான் இருக்கு. நான் சொன்னதுக்கு எந்தச் சாட்சியும் இல்ல. அப்பாவுக்கும் இப்ப வேல இல்ல."

"அப்ப எழுத வேணாங்கிறியா?"

"எங்கிட்டக் கேட்டா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். கேக்காம எழுதுங்க."

அவள் வைத்துவிட்டாள்.

அவன் போனிலேயே எழுதினான். நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு ஒன்று, நகல் ஒன்று விமானத் துறையின் அதிகாரிகளுக்கு. ராட்செட்டைத் திருப்பிக் கொடுக்காதது தன் தவறு என்று முதல் வரியிலேயே எழுதினான். காலியான இரண்டு குழிகளைப் பற்றியும், ஜெஸ்ஸி சொன்னதையும், நல்லுசாமி சொன்னதையும் அப்படியே எழுதி, நாலு விமானங்களையும் திறந்து பார்க்கும் வரை பறக்கவிட வேண்டாம் என்று முடித்தான். அனுப்பிவிட்டுத் தீபாவிடம் காட்டினான். அவள் முழுவதையும் வாசித்து, அவன் பெயரை ஒரு இடத்தில் தப்பாக அடித்திருப்பதைச் சுட்டிக்காட்டினாள். அன்று மாலை சென்னை பேருந்து ஏறும்போது காத்தமுத்து வழியனுப்ப வரவில்லை.

அன்று சாயங்காலமும் ஜே வண்டி ஹைதராபாத்துக்குப் போய் வந்ததைச் செயலியில் பார்த்தான். மறுநாள் அது நின்றது.

நாலு வண்டிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்ததாகவும், அந்நியப் பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்றும் அறிக்கை வந்தது. பார்த்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் பயிற்சிப் பையன். காணாமல் போன ஸ்க்ரூ டிரைவரும் பிளையரும் கிடைத்துவிட்டதாக அதே அறிக்கை சொன்னது, எங்கே என்று சொல்லவில்லை. ட்ராயரில் இப்போது அவை இருந்தன. புதிதாக எண் பொறித்த இடத்தில் உலோகப் பிசிறு இன்னும் தேயாமல் விரலில் குத்தியது. அதையும் முத்துக்கிருஷ்ணன் எழுதிப் போட்டான். கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது.

விசாரணையில் கருவிகளை எண்ணும் பொறுப்பில் இருந்தவர் கடமை தவறியதாக முடிவானது. ஜெஸ்ஸியின் ஒப்பந்தம் அக்டோபர் மாதத்தோடு முடித்துக்கொள்ளப்பட்டது. முத்துக்கிருஷ்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், லைசென்ஸைத் தொடவில்லை. மதுரைப் பிரிவுக்குக் கையெழுத்துப் போட வேறு ஆள் இல்லாததால் அவனையே அனுப்பினார்கள். நவம்பர் இரண்டாம் வாரம் அவன் அங்கே சேர்ந்தான். டிசம்பரில் தீபாவுக்குத் திண்டுக்கல்லில் பெண் குழந்தை பிறந்தது. சென்னையில் கருவி அறைக்குப் புதிதாக ஆள் எடுக்கவில்லை.